நாற்பத்தாறாம் நம்பர் ஸ்பேனர்

தீர்ப்பில் டிராக்டர் எனக்கு,
கருவிப்பெட்டி ஆல்பினுக்கு.
பியாவிஸ்டோக் நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி
சமமாகத்தான் பிரித்தார்.
ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பென்று
அவருக்கு யார் சொல்வது?

ஊர்சுஸ். ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி.
ஒரே சிலிண்டர், அதுவும் படுத்த வாக்கில்,
கன்றுக்குட்டி ஒன்று உள்ளே தூங்கலாம்.
பதினோரு வருஷம் வைக்கோலுக்கடியில் கிடந்தது.
புகைக்குழாயில் எலி குட்டி போட்டிருந்தது.
கூட்டை உருவினேன்:
என் மஞ்சள் கையுறையின் நூல்.
அது தொலைந்த அன்று
ஆல்பினை நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல.

சிலிண்டருக்கு பிஸ்டனைப் பிடித்துப்போயிருந்தது.
அளவுக்கு மேல் பிடித்தால் அப்படித்தான்,
எதுவும் அசையாது.
டீசலும் எண்ணெயும் பாதிப்பாதி,
தினமும் ஒரு கரண்டி.
உருளைக்கிழங்கு மூட்டை ஏறிப் போனது.
பனி வந்தது.
மரக்கட்டையை முட்டுக்கொடுத்துத் தட்டினேன்,
முதலில் கதவைத் தட்டுகிற மாதிரி,
அப்புறம் கதவை உடைக்கிற மாதிரி.
ஜனவரி பதினேழு, மதியம்,
நகக்கண் அளவு நகர்ந்தது.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
கோழிகளிடம் சொன்னேன்.

தபால்காரி லியோகாதியா எட்டிப் பார்த்தாள்.
"மரை கழன்றது வண்டிக்கா, உனக்கா?"
வண்டிக்குக் கழலாததுதான் பிரச்சினை என்றேன்.

ஃப்ளைவீல் நட்டு.
அதற்குப் பின்னால் பேரிங்கில் ஆட்டம்;
அதை மாற்றாமல் ஓட்டினால் எல்லாம் பொடி.
அளவு நாற்பத்தாறு.
அந்த அளவு ஸ்பேனர்
மூன்று கிலோமீட்டர் தள்ளி
ஆல்பினின் அக்கா வீட்டுச் சுவரில்
ஆணியில் தொங்கியது.

கேட்கவில்லை.
குழாய்த் துண்டில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டேன்,
இரண்டு மீட்டர் கம்பியைச் செருகித் தொங்கினேன்.
வழுக்கியது. முழங்கையில் தோல் போனது.
மறுபடி தொங்கினேன்.
பிப்ரவரி முழுக்கத் தொங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது,
செய்தித்தாளில் சுற்றி.
கடிதம் இல்லை.
கைப்பிடியில் மட்டும் சாக்பீஸ் எழுத்து:
இடது மரை.

எவனோ பழைய சொந்தக்காரன்
எதற்கோ அப்படிக் கடைந்து வைத்திருக்கிறான்.
ஆல்பினுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
இத்தனை நாளும் நான்
இறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஊதுவிளக்கை மூட்டினேன்.
தலைக்குமிழ் சிவக்கக் கால் மணி நேரம்.
ஸ்டீயரிங்கை உருவி ஃப்ளைவீலில் செருகி
இப்படியும் அப்படியும் ஆட்டினேன்,
ஊஞ்சலை ஆட்டுவது போல.
டப்.
டப். டப்.
சமையலறையில் கோப்பைகள் நடுங்கின.
ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டேன்,
வண்டி பின்னால் போய்
கோழிக்கூட்டில் இடித்தது.

என்ஜின் தலைகீழாகச் சுற்றுகிறது.
இந்த ஜாதி வண்டிக்கு அதுவும் ஒரு வழக்கம்.
அணைத்தால் மறுபடி கால் மணி நேரம் விளக்கு.
யாருக்குப் பொறுமை?
ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.
முன்னால் போயிற்று.
அப்படியே,
ரிவர்ஸிலேயே மூன்று கிலோமீட்டர்,
ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க.
வழியில் ஒரு நாரை
வயலைவிட்டு எழவே இல்லை,
அவ்வளவு மெதுவாக.

ஆல்பின் வெளியே வந்தான்.
ஸ்பேனரை நீட்டினேன். வாங்கவில்லை.
தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான்,
விரலைச் சுழற்றிக் காட்டினான்: தலைகீழ்.
தெரியும் என்று கத்தினேன்.
உள்ளங்கையைக் கீழே அழுத்தினான்: குறை.
குறைத்தேன்.

மூச்சு தளர்ந்து தளர்ந்து
சக்கரம் எந்தப் பக்கமும் போகாமல்
தயங்கி நின்ற அந்தக் கணத்தில்
அவன் சொன்னது துல்லியமாய்க் கேட்டது:
"தபாலுக்கு இருபத்திரண்டு ஸ்வோட்டி ஆச்சு."

டீசலைத் தள்ளினேன்.
டப் என்று பிடித்துக்கொண்டது.
எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று
நான் பார்க்கவில்லை.